ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு விலை போட்ட கணக்கு

"மாப்ளே, அண்ணன் பட்டறையை விட்டுப் போறேங்கிறாரு. அவரு பங்குக்கு என்ன கொடுக்கணும்னு நீ கணக்குப் போட்டுச் சொல்லு."

மாமா போனில் சொன்னது இவ்வளவுதான். எம்பிஏ இரண்டாம் ஆண்டில் நிறுவன மதிப்பீட்டுப் பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆனது. அதில் சூத்திரத்துக்குப் போனது உண்மையில் ஒரு சாயங்காலம்தான். மீதி நாளெல்லாம் பட்டறையின் நிஜமான லாபம் எவ்வளவு என்று தேடுவதில் போனது. இதே பாடத்தைப் படிக்கிறவர்களுக்கு உதவும் என்று, எங்கே தவறினேன், எப்படித் திருத்தினேன் என்பதை எழுதி வைக்கிறேன். எண்களை இரண்டு பேரின் சம்மதத்தோடு கொஞ்சம் முழுமையாக்கிப் போட்டிருக்கிறேன்.

மாமாவும் அவருடைய கூட்டாளியும் 2003இல் ஆரம்பித்த பட்டறை அது. கையால் சிமென்ட் தரைக் கல் (டைல்ஸ்) செய்கிற இடம். ஆத்தங்குடியை ஒட்டிச் சாலையோரத்தில் 30 சென்ட் இடம், பதினாலு பேர் வேலை, ஆளுக்குப் பாதிப் பங்கு. கூட்டாளியை மாமா அண்ணன் என்று கூப்பிடுவார். நானும் சின்ன வயதிலிருந்து அண்ணே என்றே பழகிவிட்டேன். அவருக்கு 61 வயது. மகன் கோயம்புத்தூரில் வீடு கட்டிவிட்டார், அங்கே போய் இருக்க ஆசைப்படுகிறார். சண்டை எதுவும் இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு நான் தங்கை மகன். அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்: நான் போடுகிற ஒவ்வொரு எண்ணையும் அண்ணனிடமும் காட்டுவேன், அவர் கேள்வி கேட்கிற மாதிரியே காட்டுவேன்.

முதல் தாள்: 3 கோடியே 84 லட்சம்

ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து கடைசி மூன்று வருடக் கணக்கு வந்தது. போன வருட விற்பனை 96 லட்சம். சிமென்ட், மணல், சாயம், கண்ணாடி எல்லாம் சேர்த்து 30 லட்சம். கூலி 33 லட்சம். மின்சாரம், வண்டி வாடகை, இதர செலவு 9 லட்சம். தேய்மானம் ஒன்றரை லட்சம், வட்டி ஒன்றரை லட்சம். நிகர லாபம் 21 லட்சம்.

வகுப்பில் பயன்படுத்திய எக்செல் அச்சு என்னிடம் இருந்தது. வட்டியை லாபத்தோடு திரும்பக் கூட்டி 22.5 லட்சம் என்று வைத்தேன். ஐந்து வருடம் 8 சதவீத வளர்ச்சி, தள்ளுபடி விகிதம் (வரப்போகிற பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கிற விகிதம்) 12, அதற்குப் பிறகு என்றென்றைக்கும் 6 சதவீத வளர்ச்சி. வரி போகத் தொழிலின் மதிப்பு 3 கோடியே 24 லட்சம் என்று வந்தது. இடத்துக்குச் சென்ட் 2 லட்சம் வீதம் 60 லட்சத்தை மேலே கூட்டினேன். மொத்தம் 3 கோடியே 84 லட்சம். பாதி, 1 கோடியே 92 லட்சம்.

மாமா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த விலைக்கு வாங்குறதுக்கு ஆள் இருந்தா சொல்லு. ரெண்டு பேருமே கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுறோம்" என்றார்.

வகுப்பில் யாரும் எனக்கு இப்படி ஒரு சோதனை வைத்ததில்லை. வருடத்துக்கு 21 லட்சம் பார்க்கிற பட்டறையை யார் 4 கோடி கொடுத்து வாங்குவார்? அந்தப் பணத்தை வங்கியில் போட்டாலே அதைவிட அதிக வட்டி வரும், காலையில் ஆறு மணிக்குப் பட்டறையைத் திறக்கவும் வேண்டாம். தாளில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேட ஆரம்பித்தேன்.

முதல் ஓட்டை உடனே தெரிந்தது. மொத்த மதிப்பில் நூற்றுக்கு 77 பங்கு டெர்மினல் வேல்யூவிலிருந்து, அதாவது ஐந்தாம் வருடத்துக்கு அப்பால் வரப்போகிற பணத்திலிருந்து வந்திருந்தது. 12இல் 6ஐக் கழித்தால் 6. அந்த 6தான் வகுக்கும் எண். நிரந்தர வளர்ச்சியை 6லிருந்து 7ஆக மாற்றிப் பார்த்தேன். மதிப்பு 52 லட்சம் ஏறியது. பட்டறையில் ஒரு செங்கல் கூட மாறவில்லை, ஒரு கட்டத்தில் ஒரு எண்ணைத் தட்டியதற்கு 52 லட்சம். இது மதிப்பீட்டுப் பாடத்தில் எல்லோரும் படிப்பதுதான். ஆனால் அந்த 52 லட்சம் தெரிந்த ஒருவருடைய முதுமைக்கான பணமாக இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது ஓட்டை, வரி. வகுப்பு அச்சில் 25.168 சதவீதம் என்று இருந்தது. அது 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்த கம்பெனிகளுக்கு: 22 சதவீதம், அதன் மேல் 10 சதவீத சர்சார்ஜ், அதற்கும் மேல் 4 சதவீத செஸ். எங்கள் பட்டறை கம்பெனி இல்லை, கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்). அதற்கு 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. பாடப் புத்தகத்தில் வருகிறதெல்லாம் கம்பெனி என்பதால் நான் யோசிக்கவே இல்லை.

லாபத்தைக் கழுவியது

ஆனால் பெரிய ஓட்டை வரியிலும் இல்லை, வளர்ச்சியிலும் இல்லை. அந்த 22.5 லட்சத்திலேயே இருந்தது.

ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் வைத்துச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் கோடு கலையாமல் நிற்க வேண்டும். சாயம் கொஞ்சம் நீர்த்துப் போனாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அப்புறம் மேலே காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுவார்கள். காய்ந்த பிறகு தொட்டித் தண்ணீரில் ஊறும். கடைசியில் கண்ணாடியை எடுத்தால், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்துக்கு வந்திருக்கும்.

அன்று காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை சாயத் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து மாமா நகரவே இல்லை. ஒவ்வொரு வாளியையும் அவர் கரண்டியில் அள்ளிச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் ஊற்றப் போனது. அண்ணன் அன்று பட்டறையில் இல்லை. தேவகோட்டையில் ஒரு வீட்டு வேலை, திருப்பத்தூரில் ஒரு இன்ஜினியரிடம் பாக்கி வசூல். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்தார்.

இரண்டு பேரும் சம்பளம் எடுத்ததில்லை. வேண்டும்போது பற்று எழுதி எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் அந்த 21 லட்சம் முழுவதும் தொழிலின் லாபம் இல்லை. அதில் இரண்டு பேருடைய கூலி கலந்திருக்கிறது. சாயம் தெரிந்த ஒரு மேஸ்திரியை வைத்தால் மாதம் 35,000 கொடுக்க வேண்டும். ஆர்டரும் வசூலும் பார்க்க ஒருவருக்கு 30,000. இதை நானாகப் போடவில்லை, பக்கத்துப் பட்டறைகளில் விசாரித்துப் போட்டேன். மாதம் 65,000, வருடத்துக்கு 7,80,000.

இதைக் கழித்தால் 14.7 லட்சம்.

அடுத்தது இடம். பத்திரம் பட்டறை பெயரில் இல்லை, இரண்டு பேர் பெயரிலும் சேர்ந்து இருந்தது. பட்டறை வாடகை கொடுப்பதில்லை. நான் செய்திருந்த தவறு, வாடகை கொடுக்காமல் வந்த லாபத்துக்கும் விலை போட்டு, அந்த இடத்துக்கும் தனியாக விலை போட்டது. ஒரே இடத்தை இரண்டு தடவை விற்றிருக்கிறேன்.

இதைத் திருத்த இரண்டு வழி உண்டு. இடத்தைத் தொழிலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தனி விலையை எடுத்துவிடலாம். இல்லையென்றால் தொழிலின் தலையில் சந்தை வாடகையைக் கட்டிவிட்டு, இடத்தை வெளியே எடுத்துத் தனியாக மதிப்பிடலாம். இரண்டும் ஒரே விடைக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாதம் 15,000 வாடகை என்று வைத்தால் வருடத்துக்கு 1.8 லட்சம். 60 லட்சம் இடத்துக்கு அது 3 சதவீதம். நம் ஊரில் நிலத்தின் விலைக்கும் அது தருகிற வாடகைக்கும் அவ்வளவு தூரம் இருக்கிறது. தொழிலுக்குள் இடத்தை வைத்தால் அதன் மதிப்பு பெரும்பகுதி காணாமல் போகிறது. அதனால் இரண்டாவது வழிதான் நியாயம் என்று முடிவு செய்தேன்.

இங்கே என் ஐயாவைச் சொல்ல வேண்டும், அம்மாவின் அப்பா. கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அந்த வீட்டுக்குப் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் இருந்தது. 1930களில் நெல் விலை விழுந்தபோது, கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியாமல் ஈடு வைத்த வயல்தான் கைக்கு வந்தது. பணம் வரவில்லை. பிறகு யுத்தம் வந்தது, வயலும் போனது. ஐயா இதைச் சொல்லிச் சொல்லி மாமாவுக்கு மனப்பாடம்: நிலத்துல கிடக்கிறது காசு இல்லடா, காசா மாறுற அன்னிக்குத்தான் காசு. அதனால் நான் இடத்தை வெளியே எடுத்துவிட்டேன் என்று சொன்னதும் மாமாவுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "அது கிடக்கட்டும். ரெண்டு பேரு பேருலயே இருக்கட்டும். பட்டறை மாசாமாசம் அண்ணனுக்குப் பாதி வாடகை கொடுத்துடட்டும்" என்றார். 60 லட்சமா, 50 லட்சமா என்று வாதாட வேண்டிய பெரிய பிரச்சினை அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

வாடகையைக் கழித்தால் 12.9 லட்சம்.

மூன்றாவது, சென்னையில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்தவர்கள் போன வருடம் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார்கள். இருக்கிற கல்லைப் போலவே புது அச்சு அடித்துச் செய்து கொடுத்தது. அதில் மட்டும் 2.4 லட்சம் நின்றது. அப்படி ஒன்று வருடா வருடம் வராது. அதற்கு முந்தைய இரண்டு வருடக் கணக்கைப் பார்த்தால் தெளிவாகவே தெரிகிறது. அதையும் எடுத்தேன்.

22.5 என்று ஆரம்பித்தது 10.5 லட்சத்தில் நின்றது. பாதிக்கும் கீழே. இன்னும் சூத்திரத்தின் பக்கமே போகவில்லை.

ஒன்றரை லட்சம் வட்டி எங்கிருந்து வந்தது

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் ராத்திரி வட்டிக் கணக்கில் கண் நின்றது. வங்கிக் கடன் பாக்கி 9 லட்சம், வட்டி 10 சதவீதம். அப்படியானால் வருடத்துக்கு 90,000 வர வேண்டும். செலவில் எழுதியிருப்பதோ 1,50,000. மீதி 60,000 யாருக்குப் போனது?

பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மாதம் 5,000 வீதம் அண்ணன் பெயருக்குப் போயிருக்கிறது. மறுநாள் அவரிடமே கேட்டேன். 2020இல் ஊரடங்கின்போது பட்டறை மூடிக் கிடந்தது, ஆட்களுக்கு மட்டும் விடாமல் ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அண்ணன் தன் சேமிப்பிலிருந்து 6 லட்சம் போட்டிருக்கிறார். மாமா வற்புறுத்தி அதற்கு வட்டி கொடுத்திருக்கிறார். வட்டி செலவில் சரியாக ஏறிவிட்டது. அசலை மட்டும் யாரோ மூலதனக் கணக்கில் சேர்த்து எழுதிவிட்டார்கள். மூலதனத்தில் கலந்துவிட்டதால், நான் கடைசியில் மதிப்பை இரண்டாகப் பிரிக்கும்போது அவருடைய 6 லட்சமும் இரண்டாகப் பிரிந்திருக்கும். 3 லட்சம் சத்தமில்லாமல் மாமா பக்கம் போயிருக்கும்.

அம்மா வைத்திருக்கும் தகரப் பெட்டியில் ஐயாவின் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. மேலே சிவமயம் என்று எழுதி, கீழே ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எழுதிப் பழகிய நோட்டு. அதில் முதல் பணம் வேறு, மேம்பணம் வேறு என்று தனித் தனியாகப் பற்று வரவு எழுதியிருக்கிறார். தொழிலில் பங்காக இறக்கியது முதல் பணம். அதற்கு மேல் முதலாளி வட்டிக்கு விட்டு வைப்பது மேம்பணம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கணக்கில் இது சாதாரண நடைமுறை. நாங்கள் வகுப்பில் மூலதன அமைப்பு என்று ஒரு செமஸ்டர் படித்ததன் அடித்தளம் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. அண்ணனுடைய 6 லட்சம் மேம்பணம். பங்கு பிரிப்பதற்கு முன்னால் அது அவருக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஆக, பட்டறையின் கடன் 9 லட்சம் இல்லை, 15 லட்சம். முதல் தாளில் நான் கடனைக் கழிக்கவே மறந்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வளர்ச்சிக்கு ஆகிற செலவு

முதல் தாளில் விற்பனை 8 சதவீதம் வளர்ந்தது, அதற்காக ஒரு ரூபாய் கூடச் செலவாகவில்லை. நிஜத்தில் அப்படி நடக்காது. ஒரு கல் தயாராகி ஊறிக் காய 12 நாள். அடுக்கி வைத்திருக்கும் சரக்கு 20 நாள். விற்ற பிறகு பணம் வர 75 நாள், வீடு கட்டுகிற இன்ஜினியர்கள் தங்களுக்குப் பணம் வந்த பிறகுதான் கொடுப்பார்கள். சிமென்ட் கடைக்காரர் எங்களுக்குக் கொடுக்கிற தவணை 15 நாள். எல்லாவற்றையும் விற்பனை நாளாக மாற்றினால் சுமார் 92 நாள். 96 லட்சம் விற்பனையில் 92 நாள் என்றால் 24 லட்சம் எப்போதும் தொழிலில் முடங்கிக் கிடக்கிறது. விற்பனை 6 சதவீதம் வளர்ந்தால் அந்த 24 லட்சமும் 6 சதவீதம் வளர வேண்டும். அதற்கு மட்டும் வருடத்துக்கு 1.44 லட்சம். அச்சு, தொட்டி, கண்ணாடி என்று தேய்மானத்துக்கு மேல் இன்னொரு 53,000.

வளர்ச்சி 6 என்று வைத்தது கடைசி ஐந்து வருட விற்பனையைப் பார்த்து. வரிக்குப் பிந்தைய லாபம் அடுத்த வருடம் 7.66 லட்சம். அதில் 1.97 லட்சம் தொழிலுக்கே திரும்பிப் போகிறது, அதாவது நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மீதி 5.69 லட்சம்தான் யாராவது கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய பணம். இதை வேறு விதமாகவும் சரிபார்த்தேன். தொழிலில் இருக்கிற மொத்த மூலதனம் 33 லட்சம், அது தருகிற லாபம் 7.66. சுமார் 23 சதவீதம். வளர்ச்சி 6ஐ இந்த 23ஆல் வகுத்தால், லாபத்தில் தொழிலுக்குத் திரும்பிப் போக வேண்டிய பங்கு 26 சதவீதம். இரண்டும் பொருந்தியது. பொருந்தியபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரத்தில் முதல் தடவையாகத் தாள் என்னோடு பேசியது போல இருந்தது.

ஐந்து வருடத்துக்கு அப்புறம் நிரந்தர வளர்ச்சி 4 சதவீதம். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4, மேலும் கீழும் 2 சதவீதம் தள்ளலாம். 4 என்று வைத்தால், விலை ஏறுகிற அளவுக்கு விற்பனைத் தொகை ஏறும், கல்லின் எண்ணிக்கை அப்படியே இருக்கும் என்று பொருள். கையால் செய்கிற தொழில், இளம் பையன்கள் பழக வருவது குறைவு. அதற்கு மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தள்ளுபடி விகிதம்

வகுப்பில் எல்லோரும் பயப்படுகிற இடம் இது. எனக்கு இங்கேதான் குறைவான நேரம் ஆனது.

பத்து வருட அரசாங்கப் பத்திரத்தின் வருமானத்தை ஒட்டி 7 சதவீதத்தை அடித்தளமாக வைத்தேன். அதற்கு மேல் பங்குச் சந்தை ரிஸ்க்குக்கு 7. நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் ஒவ்வொரு ஜனவரியிலும் நாடு வாரியாக, தொழில் வாரியாக அட்டவணை வெளியிடுகிறார். மதிப்பீடு படிக்கிறவர்கள் அதைப் புரட்டாமல் இருக்கக் கூடாது. பீட்டாவுக்கு (சந்தை ஆடும்போது ஒரு பங்கு எவ்வளவு ஆடும் என்ற அளவு) கஜாரியா, சோமானி போன்ற பட்டியலிட்ட டைல்ஸ் கம்பெனிகளின் பங்கு விலையை எடுத்து இரண்டு நாள் மெனக்கெட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன். அவர்கள் சூளையில் சுடுகிறவர்கள், எரிவாயு விலை ஏறினால் அவர்கள் லாபம் ஆடும். எங்கள் கல் வெயிலிலும் தண்ணீரிலும் முடிகிறது. வீடு கட்டுவது குறைந்தால் இரண்டு பேருக்கும் அடி விழும் என்பது மட்டும்தான் பொது. பீட்டாவை 1 என்று வைத்தேன். சின்னத் தொழில், நினைத்த நாளில் விற்க முடியாத பங்கு, அதற்கு இன்னொரு 4. ஆகப் பங்கு முதலின் செலவு, அதாவது பங்குக்காரர் தன் பணத்துக்கு எதிர்பார்க்கிற வருமானம், 18 சதவீதம்.

அண்ணனுக்கு இதை விளக்குவது எப்படி என்று தயங்கினேன். தேவைப்படவில்லை. அந்தக் காலத்தில் ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் கூடி, அப்போதைக்கு இதுதான் வட்டி என்று நடப்பு வட்டி நிர்ணயித்து, அதை வைத்துத் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். அந்தச் செட்டியார்களின் ஊர்ப்பக்கத்துக்காரர் அண்ணன். "நடப்பு வட்டிக்கு மேல ஆளைப் பாத்து, தொழிலைப் பாத்துக் கூட்டுறே. அதானே தம்பி?" என்றார். அதேதான்.

கடனுக்கு 10 சதவீதம், வரிச் சலுகை போக 6.88. இரண்டையும் எடைபோட்டுச் சேர்த்தால் வாக் (WACC), அதாவது சராசரி மூலதனச் செலவு. இங்கே ஒரு சிக்கல். கடனின் எடையைக் கண்டுபிடிக்கத் தொழிலின் மதிப்பு வேண்டும். மதிப்பைக் கண்டுபிடிக்க வாக் வேண்டும். எக்செல் எச்சரிக்கை காட்டி நின்றுவிட்டது. ஐந்தொகையில் இருக்கிற புத்தக மதிப்பை எடையாக வைத்துத் தப்பித்துவிடலாம், நிறைய புராஜெக்ட்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் கையாலேயே சுற்றினேன். கடன் 20 சதவீதம் என்று ஊகித்தேன்: வாக் 15.78, மதிப்பு 54.7 லட்சம். அந்த மதிப்பில் 15 லட்சம் கடன் 27.4 சதவீதம். அதை வைத்து மறுபடி: 59 லட்சம். மறுபடி: 57.7. மறுபடி: 58.1. அதற்கு அப்புறம் அசையவில்லை. வாக் 15.1 சதவீதம், தொழிலின் மதிப்பு 58 லட்சம். கடன் எடை மாறும்போது பங்கு முதலின் செலவும் கொஞ்சம் மாற வேண்டும் என்பது மோடிலியானி, மில்லர் என்ற பொருளியல் அறிஞர்கள் 1958லேயே சொன்னது. நான் 18ஐ அப்படியே வைத்தேன். அந்த 4 சதவீதக் கூடுதலே தோராயம்தான். அதன் மேல் தசமத்தைத் தேடுவதில் பயன் இல்லை.

58 லட்சத்தில் டெர்மினல் வேல்யூவின் பங்கு 64 சதவீதம். வாக்கை 14 ஆக்கினால் 65 லட்சம், 17 ஆக்கினால் 49 லட்சம். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கொடுத்தேன். ஒற்றை எண்ணைக் கொடுப்பது நேர்மையில்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அண்ணன் போனால் ஆர்டரும் போகுமா

மாமாவுக்கு ஒரு பயம் இருந்தது. இன்ஜினியர்கள் அண்ணனின் போனுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் கோயம்புத்தூர் போய்விட்டால்? நான் அதற்காக வாக்கில் 2 சதவீதம் ஏற்றி 17 என்று போட்டு ஒரு தாள் தயார் செய்தேன். எங்கள் பேராசிரியரிடம் காட்டியபோது அதை அடித்துவிட்டார். ஆர்டர் போனால் அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் போகும். விகிதத்தில் 2 ஏற்றினால் அது இருபதாம் வருடப் பணத்தைத்தான் அதிகமாக வெட்டும். எந்த ரிஸ்க் எந்த வருடத்தில் எவ்வளவு என்று தெரியுமோ, அதைப் பணவரவில் காட்டு என்றார். அதோடு, அண்ணன் வேலையைப் பார்க்க ஒருவருக்கு மாதம் 30,000 ஏற்கெனவே கழித்தாயிற்று. அதே ஆளுக்காக விகிதத்தையும் ஏற்றினால் அவர் பங்கில் இரண்டு தடவை கை வைத்ததாகும்.

மூன்று பேரும் ஆர்டர் நோட்டோடு உட்கார்ந்தோம். 63 பெயர். அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார், இவர் கல்லுக்காக வருகிறவர், இவர் எனக்காக வருகிறவர். அவருக்காக வருகிறவர்கள் 22 பேர். அவர்களை ஒவ்வொருவராக நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்து வைக்கிறேன் என்று அவரே சொன்னார். விலையைக் குறைப்பதற்குப் பதிலாக, கடைசித் தவணையை அந்த அறிமுகம் முடிந்த பிறகு கொடுப்பது என்று பேசி முடித்தார்கள்.

கடைசிக் கணக்கு இப்படி. தொழிலின் மதிப்பு 58.2 லட்சம். வங்கியில் நிரந்தர வைப்பாக இருந்த 3 லட்சத்தைக் கூட்டி, கடன் 15 லட்சத்தைக் கழித்தால் 46.2 லட்சம். பாதி 23.1. அதோடு அண்ணனுடைய மேம்பணம் 6 லட்சம். மொத்தம் 29.1 லட்சம். இடத்தில் பாதி அவருடையதாகவே இருக்கிறது, வாடகை மாதம் 7,500 போகும்.

மாமாவிடம் 29 லட்சம் மொத்தமாக இல்லை. கையில் 17 லட்சம், மீதி 12.1 லட்சத்தை இரண்டு வருடத் தவணையில் கொடுக்கிறேன் என்றார். நான் அதை அப்படியே இரண்டால் வகுத்து எழுதினேன். "ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற காசுக்கு வட்டி எங்க தம்பி?" என்றார் அண்ணன். மூன்று வாரமாகத் தள்ளுபடி விகிதத்தோடு குடியிருந்துவிட்டு நான் எப்படி அதை விட்டேனோ. 10 சதவீதம் சேர்த்து, முதல் வருட முடிவில் 7,26,000, இரண்டாம் வருட முடிவில் 6,65,500.

கூட்டு நிறுவனம் தொடர இரண்டு பேராவது வேண்டும். அத்தை கூட்டாளியாகச் சேர்ந்தார். விலகல் பத்திரத்தை ஆடிட்டர் சரிபார்த்துக் கொடுத்தார். அவருக்கு என் தாளில் ஒரு சந்தேகம்தான் இருந்தது, நிரந்தர வைப்பின் வட்டி இதர செலவோடு நேர்செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன், இல்லை.

கையெழுத்துப் போடுகிற அன்று அண்ணன் எக்செல் தாளை அச்செடுத்துத் தரச் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். 7,80,000 என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது நாங்க எடுக்காத சம்பளமா?"

"ஒரு வருஷத்துக்கு, அண்ணே. உங்களுது 3,60,000. மிச்சம் மாமாவுது."

"இருபத்திரண்டு வருஷம்" என்றார். மாமா சாயத் தொட்டிப் பக்கமிருந்து நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திருப்பத்தூர் இன்ஜினியருக்குப் போன் போட்டார், நாளைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்ல.